எரிவாயுக் குழாய் விரிவாக்கம்: ஆட்சேபணையில் என்ன எழுத வேண்டும்? வாசகர் கேள்வி - பதில்

குழாய்ப் பாதை வருகிறது, இருக்கும் பாதை விரிகிறது என்ற பேச்சு கிளம்பியதிலிருந்து கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. பலருக்கும் பயன்படும் என்று தோன்றியவற்றுக்கு இங்கே பதில்.

எங்க ஊர்ல கல் நட்டுட்டுப் போயிட்டாங்க. கலெக்டர் தலைமையில கருத்துக் கேட்புக் கூட்டம் எப்பங்க நடக்கும்? அதுல பேசிக்கலாம்னு எல்லாரும் சும்மா இருக்கோம்.
*- வாசகர், பல்லடம்*

சும்மா இருக்காதீர்கள். அந்தக் கூட்டம் அநேகமாக நடக்கவே நடக்காது.

2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் எண்ணெய், எரிவாயுக் குழாய்கள் 6(அ) என்ற இனத்தில் வருகின்றன. தேசியப் பூங்கா, வனவிலங்குச் சரணாலயம், பவளப்பாறை, சூழல் கூருணர்வுப் பகுதி இவற்றின் வழியே போகும் குழாய்க்கு மட்டும்தான் அதில் முன் அனுமதி தேவை. கரும்புக் காடு, மஞ்சள் காடு, தென்னந்தோப்பு வழியாகப் போனால் தேவையில்லை. சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை என்றால் கருத்துக் கேட்புக் கூட்டமும் இல்லை. இது நியாயமா என்றால், இல்லை என்பதே எங்கள் கருத்து. ஆனால் இன்றைய நிலை இதுதான்.

உங்களுக்குச் சட்டம் வைத்திருக்கும் வாசல் வேறு. 1962ஆம் ஆண்டின் பெட்ரோலியம் மற்றும் கனிமக் குழாய்கள் சட்டத்தில் 3(1) பிரிவின் கீழ் மத்திய அரசிதழில் அறிவிக்கை வரும். உங்கள் புல எண்ணில் பயன்பாட்டு உரிமையை (நிலம் உங்களுடையதாகவே இருக்க, அதன் அடியில் குழாய் போடும் உரிமையை) எடுக்கப் போகிறோம் என்பது அதன் சாரம். அதன்பின் 5ஆம் பிரிவின்படி 21 நாட்களுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபணை தர வேண்டும். அதற்கென நியமிக்கப்பட்ட 'தகுதி வாய்ந்த அதிகாரி'தான் அதைப் பெறுபவர். அவர் உங்களை நேரிலோ, வக்கீல் மூலமோ விசாரித்தாக வேண்டும். 21 நாளை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது என்பதில் தகராறு வருவது வழக்கம். அரசிதழ்த் தேதியிலிருந்தே எண்ணிக்கொள்வது பாதுகாப்பு. அவர் ஆட்சேபணையைத் தள்ளிவிட்டால் அந்த உத்தரவே இறுதி. அதற்கு மேல் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு மட்டும்தான். எனவே முதல் மனுவில் எழுதாமல் விட்டதைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்ற கணக்கு உதவாது.

கல் நட்டதும், அளந்ததும் 3(1) அறிவிக்கைக்கு முன்பா பின்பா என்றும் பாருங்கள். சட்டம் நிலத்தில் நுழைந்து அளக்க அனுமதிப்பது அந்த அறிவிக்கைக்குப் பிறகுதான்.

ஆட்சேபணையில் என்ன எழுதினால் எடுபடும்? 'விவசாயம் அழியும், திட்டத்தைக் கைவிடுக' என்று ஊரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். ஒரே வரியில் நிராகரித்துவிட்டார்கள். எங்களுடையது பெரும்பாலும் கொரங்காடு (வேலியடைத்த மேய்ச்சல் நிலம்).
*- வாசகர், காங்கேயம்*

ஊரே சேர்ந்து கொடுக்கும் மனுவுக்கு அரசியல் பலம் உண்டு. அதிகாரி முன்னால் அதற்குப் பலம் குறைவு. அவர் கையில் இருப்பது புல எண் வாரியான பட்டியல். பதிலும் புல எண் வாரியாகத்தான் எழுதுவார். ஊர் மனுவோடு, ஒவ்வொரு பட்டாதாரரும் தன் புல எண்ணுக்குத் தனி ஆட்சேபணை கொடுப்பது அவசியம்.

முதலில் கணினிச் சிட்டா, அடங்கல், புல வரைபடம் மூன்றையும் எடுங்கள். அரசிதழில் உட்பிரிவு எண் தவறாக இருப்பதும், இறந்துபோன தாத்தா பெயரில் இருப்பதும், கூட்டுப்பட்டாவில் ஒருவர் பெயர் மட்டும் இருப்பதும் சகஜம். தவறு இருந்தால் அதுவே முதல் பத்தி. அடுத்து, புல வரைபடத்தின் நகலில் குழாய்ப் பாதையைச் சிவப்பு மையில் வரைந்து, கிணறு, போர், சாளை (தோட்டத்து வீடு), பள்ளம் (ஓடை), சொட்டுநீர்க் குழாயின் பிரதான வரிசை எல்லாவற்றையும் மீட்டர் தூரத்தோடு குறியுங்கள். பத்துப் பக்க மனுவைவிட இந்த ஒரு தாள் அதிக வேலை செய்யும்.

பிறகு கோரிக்கை. 'வராதே' என்பது ஒரு கோரிக்கை. 'வந்தால் இப்படித்தான் வர வேண்டும்' என்பது இன்னொன்று. இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். இரண்டாவதை எழுதினால் முதலாவதை விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடுமோ என்று பலர் தயங்குகிறார்கள். 'முதல் கோரிக்கைக்குப் பாதகமின்றி' என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

கொரங்காட்டுக்கு வருவோம். அதன் உயிர் மேல் மண்ணில் இருக்கிறது. கொழுக்கட்டைப் புல்லின் தூரும் விதையும் மேலே சில அங்குலத்துக்குள் கிடக்கின்றன. கீழே சரளையும் சுக்கானும் (சுண்ணாம்புக் கல்). 24 அங்குலக் குழாய் என்றால் அதன் உடம்பே 61 செ.மீ., மேலே குறைந்தது 1 மீட்டர் மண் மூட்டம், அடியில் மெத்தை மண். ஆக ஆறடிக்குக் கொஞ்சம் குறைவாகத் தோண்டுவார்கள். பொக்லைன்காரர் அவசரத்தில் எல்லாவற்றையும் ஒரே குவியலாகப் போட்டு அப்படியே தள்ளி மூடினால், சுக்கான் மேலே, புல் மண் ஆறடிக்குக் கீழே. அப்புறம் அந்தப் பட்டையில் புல் முளைக்காது, மாடு மேயாது. கேட்க வேண்டியது இது: மேல் மண்ணை 20 முதல் 30 செ.மீ. வரை தனியாக வழித்து, வேலி ஓரமாகத் தனிக் குவியல். அடி மண் மறுபுறம் வேறு குவியல். மூடும்போது அடி மண் முதலில், மேல் மண் கடைசியில். மண் ஈரமாக இருக்கும்போது வண்டி ஏறக் கூடாது, ஏறினால் இறுகிப்போகும். இறுகிய இடத்தை மேல் மண் பரப்பும் முன்பே ஆழமாகக் கீறிவிட வேண்டும்.

கிளுவை வேலியை அறுப்பார்கள். அறுத்த இடத்தில் அன்றைக்கே தற்காலிக வேலி, இரவில் பூட்டும் படல் என்று எழுதிக் கேளுங்கள். மாடு ஒன்று திறந்த குழியில் விழுந்த பிறகு பேசுவதில் பயனில்லை. கிளுவைப் போத்து (நடும் கிளைத் துண்டு) மழைக்காலத்தில்தான் பிடிக்கும், அடர்ந்த உயிர்வேலியாக ஆண்டுக் கணக்காகும். அதுவரை கம்பி வேலி அவர்கள் செலவு. வெள்வேல மரங்களை ஒவ்வொன்றாக எண்ணி, சுற்றளவு அளந்து, படத்தோடு சேருங்கள். பாதைக்குள் மறுபடி மரம் வைக்க முடியாது. 9ஆம் பிரிவு கட்டடம், கிணறு, குளம், அணை, மரம் எல்லாவற்றையும் தடுக்கிறது. வெட்டிய நிழலுக்கு ஈடாகப் பாதைக்கு வெளியே நட்டுக் காப்பாற்றித் தரக் கேளுங்கள்.

இன்னொன்று அதிகம் பேர் கவனிப்பதில்லை. சரிவான காட்டில் மூடிய குழி மண் தளர்வாக இருப்பதால் மழைநீர் அதன் வழியே உள்ளுக்குள் ஓடி மண்ணை அரித்துக்கொண்டு போகும். மேலே மண் அமுங்குவதற்காக விடும் முகடோ குறுக்கு வரப்பைப்போல நின்று தண்ணீரைத் திருப்பிவிடும். மேலே உள்ள காட்டுக்காரருக்குத் தேக்கம், கீழே உள்ளவருக்கு வறட்சி. சரிவில் குழிக்குள் இடைவெளி விட்டு மணல் மூட்டைத் தடுப்பு, முகட்டில் தண்ணீர் வழிய இடைவெட்டு, அறுபட்ட மண் வரப்புகளைப் பழைய மட்டத்துக்கே மீண்டும் கட்டுதல் ஆகிய மூன்றையும் எழுதுங்கள். முதல் ஐப்பசி மழைக்குப் பின் கூட்டாகப் பார்வையிட்டுப் பள்ளம் விழுந்த இடத்தை நிரப்ப வேண்டும் என்றும் சேருங்கள்.

என் தோட்டத்துச் சாளைக்கு மிக அருகில் பாதை குறித்திருக்கிறார்கள். தோப்பில் இரண்டு வரிசைத் தென்னையும் போகிறது.
*- வாசகர், பொள்ளாச்சி*

7ஆம் பிரிவைப் படியுங்கள். அறிவிக்கைத் தேதிக்கு முன்பே குடியிருப்பாகப் பயன்பட்ட நிலம், நிரந்தரக் கட்டடம் உள்ள நிலம், வீட்டைச் சேர்ந்த நிலம் இவற்றின் அடியில் குழாய் போடக் கூடாது. 1 மீட்டருக்குக் குறைந்த ஆழத்திலும் கூடாது. சாளை என்றதும் 'அது கொட்டகை' என்று எழுதிவிடும் பழக்கம் உண்டு. வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு அட்டை, குடும்ப அட்டை முகவரி இவற்றை இணைத்து, கட்டுத்தரை, களம், குடிநீர்க் குழாய் எல்லாம் வீட்டைச் சேர்ந்தவை என்று வரைபடத்தில் காட்டுங்கள். தென்னையைப் பொறுத்தவரை, காய்ப்பு மரம், இளங்கன்று என்று பிரித்து, தோட்டக்கலைத் துறை மதிப்பீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

பாறை வெடி வைப்பார்களாம். கிணறு என்ன ஆகும்?
*- வாசகர், பவானி*

கொங்கு நாட்டுக் கிணறுகளில் தண்ணீர் வருவது பாறை வெடிப்புகள் வழியாக. வெடி அதிர்வில் அந்த வெடிப்பு அகலவும் செய்யலாம், கல்தூள் புகுந்து அடைபடவும் செய்யலாம். சுவரும் சரியலாம். நடந்தபின் நிரூபிப்பதுதான் கஷ்டம். 'உங்கள் கிணறு ஏற்கெனவே வற்றியது' என்பார்கள். அதனால் வேலைக்கு முன்பே பதிவு செய்யுங்கள்: நிலத்திலிருந்து நீர் மட்டம் எத்தனை அடி, எத்தனை குதிரைத்திறன் மோட்டார் எத்தனை மணி நேரத்தில் இறைத்து முடிக்கிறது, மறுபடி ஊற எவ்வளவு நேரம், சுவரில் இருக்கும் விரிசல்கள். கோடையில் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை தேதியோடு வீடியோ எடுங்கள். முடிந்தால் கிராம நிர்வாக அலுவலரையோ பக்கத்துத் தோட்டக்காரரையோ சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள்.

மனுவில், கிணற்றுக்கும் வீட்டுக்கும் அருகே வெடிக்குப் பதில் பாறை உடைக்கும் இயந்திரமோ, துளையில் ஊற்றினால் உப்பிப் பாறையைப் பிளக்கும் ரசாயனக் கலவையோ கேளுங்கள். வெடி தவிர்க்க முடியாது என்றால் அதிர்வு அளவைக் கருவியை உங்கள் கிணற்றடியில் வைக்கச் சொல்லுங்கள். சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் 1997இல் வெளியிட்ட வரம்பு, சாதாரண வீடுகளுக்கு, அதிர்வெண் 8 ஹெர்ட்ஸுக்குக் குறைவானால் நொடிக்கு 5 மி.மீ.; 8 முதல் 25 வரை 10; அதற்கு மேல் 15. சுரங்கத்துக்கு வந்த அளவுதான் என்றாலும் அளவுகோலாகக் காட்டலாம். பதிவுத்தாளின் நகல் அன்றன்றைக்கே வேண்டும் என்றும் எழுதுங்கள்.

குழாயைத் தண்ணீர் நிரப்பிச் சோதிப்பார்களாம். எவ்வளவு தண்ணீர்? எங்கிருந்து?
*- வாசகர், தாராபுரம்*

24 அங்குலக் குழாயில் 1 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 2.7 லட்சம் லிட்டர். 10 கிலோமீட்டர் துண்டுக்கு 27 லட்சம், அதாவது 12,000 லிட்டர் லாரி 225 நடை. இயங்கும் அழுத்தத்தைவிட அதிக அழுத்தத்தில் நிரப்பி வைத்துப் பார்ப்பார்கள். பரம்பிக்குளம் - ஆழியாறு (பிஏபி) வாய்க்காலோ கீழ்பவானி வாய்க்காலோ மடை திறந்திருக்கும் நாட்களில் எடுத்தால் யாருடைய முறைத் தண்ணீர் அது என்று கேளுங்கள். ஒரு துண்டில் சோதித்த தண்ணீரை அடுத்த துண்டுக்கும் பயன்படுத்தச் சொல்லலாம், செய்யக்கூடியதுதான். வெளியே விடும்போது துருவும் மண்ணும் வரும். துருத் தடுப்பு ரசாயனம் சேர்த்திருந்தால் அதுவும் வரும். குளத்திலோ பள்ளத்திலோ நேராக விடாமல், வண்டல் படியும் தொட்டி வழியாக, பரிசோதனை அறிக்கை காட்டிய பிறகே விட வேண்டும்.

ஆற்றைக் கடக்கும் இடத்தில் கிடைமட்டத் துளையிடுவது ஆற்றைத் தோண்டுவதைவிட நல்லது. அதிலும் துளைக்குள் செலுத்தும் பென்டோனைட் களிமண் குழம்பு அழுத்தம் தாங்காமல் ஆற்று மணல் வழியே மேலே பீறிட்டு வருவதுண்டு. கரையில் ஆள் நின்று கவனிப்பதும், வந்தால் உடனே நிறுத்தி அள்ளுவதும் நிபந்தனையாக இருக்கட்டும்.

எங்கள் காட்டில் ஏற்கெனவே ஒரு குழாய் இருக்கிறது. பக்கத்திலேயே இன்னொன்று போடப்போகிறார்களாம். இதற்கும் ஆட்சேபிக்க முடியுமா?
*- வாசகர், அவிநாசி*

விரிவாக்கம் பல வகை. இருக்கும் குழாய்க்கு இணையாக இன்னொன்று, அழுத்தம் ஏற்றும் கம்ப்ரசர் நிலையம், ஊருக்குக் கிளைக் குழாய். முதல் வேலை, பழைய அரசிதழ் அறிவிக்கையைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குவது. கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். அதில் எந்தக் குழாய்க்காக, எத்தனை மீட்டர் அகலம் என்று இருக்கும். புதுக் குழாய் அந்த அகலத்தைத் தாண்டினால் கூடுதல் நிலத்துக்குப் புது அறிவிக்கை வேண்டும், 21 நாள் வாய்ப்பும் உண்டு. அகலத்துக்குள்ளேயே என்றாலும் பயிர், மரம், வேலி சேதத்துக்கு இழப்பீடு தனி.

கம்ப்ரசர் நிலையம் வந்தால் சத்தத்தையும், அழுத்தம் வெளியேற்றும் புகைபோக்கியையும் கேளுங்கள். குடியிருப்புப் பகுதிக்குச் சத்த வரம்பு பகலில் 55, இரவில் 45 டெசிபல்.

வீடுகள் பெருகியிருந்தால் அதையும் எழுதுங்கள். குழாயின் இரு பக்கமும் 200 மீட்டருக்குள், 1.6 கி.மீ. நீளத்துக்கு எத்தனை வீடு என்று எண்ணித்தான் குழாயின் கனமும் அடைப்பு வால்வுகளின் இடைவெளியும் முடிவாகின்றன. 10 வீடு வரை முதல் வகுப்பு. 46 வீட்டைத் தொட்டால் மூன்றாம் வகுப்பு. வால்வு இடைவெளி முதல் வகுப்பில் 32 கி.மீ. வரை, மூன்றாவதில் 16. பழைய கணக்கெடுப்பை வைத்து இன்னும் முதல் வகுப்பாகவே காட்டியிருந்தால், வீடுகளை எண்ணிக் கொடுப்பது உங்களால் முடிந்த வேலை.

2013இல் தமிழக அரசே நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோகச் சொன்னதே? அது என்ன ஆயிற்று?
*- வாசகர், சங்ககிரி*

கொச்சி - கூட்டநாடு - பெங்களூரு - மங்களூரு குழாய், கோவை முதல் கிருஷ்ணகிரி வரை 7 மாவட்டங்கள் வழியே வருவதாக இருந்தது. விவசாயிகளின் கருத்தைக் கேட்டபின் மாநில அரசு அப்படிச் சொன்னது. குழாயைப் போடும் கெயில் நிறுவனம் வழக்குப் போட்டது. சென்னை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு அந்த உத்தரவை ரத்து செய்தது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்திலும் மாநிலத்துக்குத் தோல்வி. சாலையோரப் பாதை கேட்பது தவறில்லை; இருகூர் - தேவனகொந்தி எண்ணெய்க் குழாய்க்கும் விவசாயிகள் அதையே கேட்டார்கள். ஆனால் கோட்டையை மட்டும் நம்பி, 5ஆம் பிரிவு ஆட்சேபணையை விட்டுவிடக் கூடாது.

நிலத்துக்கு எவ்வளவு கிடைக்கும்?
*- வாசகர், மொடக்குறிச்சி*

பயன்பாட்டு உரிமைக்கு, 3(1) அறிவிக்கைத் தேதியில் இருந்த சந்தை மதிப்பில் 10 சதவீதம். பயிர், மரம், வருமான இழப்பு வேறு. தொகை போதவில்லை என்றால் 90 நாளுக்குள் மாவட்ட நீதிபதியிடம் மனு. மஞ்சள் போன்ற நீண்ட காலப் பயிருக்கு அறுவடை ரசீதுகளை எடுத்து வையுங்கள். மண் இறுகுவதால் அடுத்த பட்டத்திலும் விளைச்சல் குறையலாம் என்பதால் வேலைக்கு முன் மண் பரிசோதனை செய்து வைத்துக்கொள்வது நல்லது.

வெள்ளோடு, நஞ்சராயன் குளம் பக்கம் குழாய் போனால்?
*- வாசகர், பெருந்துறை*

இரண்டும் பறவைகள் சரணாலயங்கள். அவற்றின் வழியே போனால் முதல் பதிலில் சொன்ன விதி மாறுகிறது. சுற்றுச்சூழல் அனுமதி, வனவிலங்கு அனுமதி இரண்டும் வேண்டும். கூட்டம் நடந்தால் குறைந்தது 30 நாள் முன்பு நாளிதழில் அறிவிப்பு வரும். வரைவு அறிக்கையின் தமிழ்ச் சுருக்கம் ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும். சுருக்கத்தோடு நிற்காமல் முழு அறிக்கையில் பறவைக் கணக்கெடுப்பு எந்த மாதம் செய்தார்கள் என்று பாருங்கள். வலசைப் பறவைகள் குளிர்காலத்தில்தான் வரும். சித்திரையில் எண்ணிவிட்டு 'பறவை குறைவு' என்று எழுதியிருந்தால் அதைப் பக்க எண்ணோடு சொல்லுங்கள். பேசியதை எழுத்திலும் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதி அனுப்பலாம். நடவடிக்கைக் குறிப்பை அங்கேயே தமிழில் வாசித்து விளக்க வேண்டும் என்பது விதி. நீங்கள் சொன்னது அதில் இல்லையென்றால் கலையும் முன் சேர்க்கச் சொல்லுங்கள்.

சாயப்பட்டறைகளில் விறகும் நிலக்கரியும் எரிவதைவிட எரிவாயு நல்லதுதானே? எதற்கு இவ்வளவு எதிர்ப்பு?
*- வாசகர், திருப்பூர்*

எரியும் இடத்தில் நல்லதுதான். கரித்துகளும் சாம்பலும் கந்தகமும் மிகக் குறைவு. கசிந்தால் கதை வேறு. மீத்தேன் 100 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல 28 மடங்குக்குக் குறையாமல் வெப்பத்தைப் பிடிக்கும். அதனால் கசிவுச் சோதனை எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கேட்பது எதிர்ப்பாகாது. பட்டறைக்குக் கிடைக்கும் நன்மைக்குக் காட்டுக்காரர் மட்டும் விலை கொடுக்க வேண்டியதில்லை என்பதுதான் இங்கே பேச்சு.

அமெரிக்காவில் டெக்சாஸில் இருக்கும் மகள் வீட்டருகே குழாய் விரிவாக்கம் என்று கடிதம் வந்திருக்கிறது. அங்கே எப்படி?
*- வாசகர், கோபி*

மாநிலம் விட்டு மாநிலம் போகும் குழாய் என்றால் அங்கே கூட்டாட்சி எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் அனுமதி தருகிறது. சுற்றுச்சூழல் ஆய்வில் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதற்கே பொதுமக்களிடம் கருத்துக் கேட்பார்கள். கடிதத்தில் கோப்பு எண்ணும் கடைசித் தேதியும் இருக்கும். அந்த எண்ணைக் குறிப்பிட்டு இணையத்திலோ தபாலிலோ அனுப்பலாம். கருத்துச் சொல்வது மட்டும் போதாது, பின்னால் மறுபரிசீலனை கேட்க வேண்டுமானால் தரப்பினராகச் சேர மனு போட்டிருக்க வேண்டும். மகளிடம் இதைச் சொல்லுங்கள்.

கசிந்தால் நாற்றம் வருமா?
*- வாசகர், சூலூர்*

சமையல் எரிவாயுவில் வரும் நாற்றம் பிறகு சேர்க்கப்படுவது. நீண்ட தூரப் பெருங்குழாயில் அது இல்லாமலே வாயு ஓடலாம். நாற்றத்தை நம்பாதீர்கள். சீறும் சத்தம், மண்ணோ தூசியோ மேலே பறப்பது, தேங்கிய தண்ணீரில் குமிழி, பச்சைக் காட்டின் நடுவே ஒரு திட்டில் மட்டும் பயிர் கருகுவது ஆகியவைதான் அடையாளம். 2014 ஜூனில் ஆந்திராவில் 'நகரம்' என்ற பெயருள்ள கிராமத்தில் எரிவாயுக் குழாய் வெடித்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள்.

சந்தேகம் வந்தால் காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கமாக, அதாவது வாயு உங்கள் மீது அடிக்காத பக்கமாக விலகுங்கள். மோட்டார் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். பைக்கைக் கிளப்பாமல் நடந்தே போங்கள். தூரம் போன பிறகு, பாதையோரக் குறிப்புக் கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணுக்கும் 112க்கும் அழையுங்கள். அந்த எண்ணை இப்போதே கைபேசியில் பதிந்து, தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்கும் கொடுத்துவிடுங்கள்.